மறுசோறு ஒன்றரைப் பவுண்டு

பிப்ரவரி 5, 2023, ஞாயிறு

ரத்த அழுத்தம் பார்க்கும் நர்ஸ் சொன்னதால் இதை எழுதத் தொடங்குகிறேன். கோபம் வந்தால் கத்த வேண்டாம், எழுதிவிடுங்கள் என்றார். நம்மைப் பற்றி எதுவுமே தெரியாத ஒருவருக்குச் சொல்வதுபோல் எழுதினால் இன்னும் நல்லதாம். கடை நடத்துகிறவனுக்கு எழுத நேரம் ஏது என்று கேட்டேன். கத்த நேரம் இருக்கிறதே என்றார். கோட்டயத்துப் பெண். 

ஆகவே, எதுவும் தெரியாத ஒருவருக்கு: என் பெயர் தியாகசுந்தரம். வயது அறுபத்தொன்று. லண்டன் ஈஸ்ட் ஹாமில் 'பொறையார் மெஸ்' என்ற சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். எட்டு மேஜை. கல்லாவிலும் கணக்கிலும் என் மனைவி கோதை. ஞாயிறு மதியம் வாழையிலைச் சாப்பாடு, ஒன்பது பவுண்டு. சோறு, சாம்பார், ரசம், கூட்டு, பொரியல் எத்தனை முறை கேட்டாலும் போடுவோம். மறுசோற்றுக்குக் காசு வாங்கும் வழக்கம் எங்களிடம் கிடையாது.

சமையல் கஸ்பார். காரைக்கால்காரர், ஐம்பத்திரண்டு வயது. என் ஊர் பொறையாரிலிருந்து காரைக்கால் அரைமணி நேர பஸ். நடுவில் நண்டலாறு. ஆற்றுக்கு வடக்கே என் தாத்தா ஆங்கிலேயர் ஆட்சியில் பிறந்தார், தெற்கே கஸ்பாரின் தாத்தா பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் பிறந்தார். அந்த ஒரே காரணத்தால் கஸ்பாரிடம் பிரெஞ்சு பாஸ்போர்ட் இருக்கிறது. எட்டு வருடத்துக்கு முன் ஒரு பெட்டியுடன் பாரிஸிலிருந்து பஸ் ஏறி வந்து மறுநாளே அடுப்படியில் நின்றார். அப்போது அதற்கு யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

இன்று கோபம் வந்த இடம்: கனகசூரியர் நான்கு முறை ரசம் வாங்கினார். சுரங்க ரயிலில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துப் பெரியவர். எழுபத்து நான்கு வயது. ஒல்லியான மனிதர். எங்கே போகிறது என்றே தெரியவில்லை.

பிப்ரவரி 8, புதன்

மொத்தக் காய்கறிச் சந்தையில் பில்லைப் பார்த்தேன். ஹாலந்து வெங்காயம் ஏறியிருக்கிறது. ஸ்பெயின் குடைமிளகாய் ஏறியிருக்கிறது. கீழே புதிதாக ஒரு வரி, "எல்லைச் செலவு". இது என்ன காய் என்று கடைக்காரரிடம் கேட்டேன். துருக்கிக்காரர், இருபது வருடப் பழக்கம். லாரிக்குப் புதுத் தாள்கள், தாளுக்கு ஒரு ஆள், ஆளுக்குச் சம்பளம் என்றார். "ஐரோப்பாவை விட்டுப் பிரிய வேண்டுமென்று நீங்கள்தானே ஓட்டுப் போட்டீர்கள்" என்றும் சொன்னார். 'நீங்கள்' என்றது இந்த நாட்டு மக்களைப் பொதுவாக.

பிப்ரவரி 12, ஞாயிறு

இலையைக் குறைத்துப் பார்த்தேன். ஒரு இலையை மூன்றாக வெட்டுவதை நான்காக வெட்டினேன். கஸ்பார் ஒரு துண்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணே, இதுல சுண்ணாம்பு தடவணுமா, சோறு போடணுமா?"

"விலை ஏறிப்போச்சு மாஸ்டர்."

"ஏறட்டும். சாப்பிடுறவன் கை ஏறலியே. ரசம் ஊத்தினா மேசையில ஓடும், அங்கேருந்து மடியில ஓடும். வேட்டி வெளுக்கற காசையும் பில்லுல போடுவீங்களா?"

ரசம் ஓடியது. இரண்டு பேருக்குச் சலவைக் காசு கொடுத்தேன். அடுத்த வாரம் மூன்றுதான்.

பிப்ரவரி 14, செவ்வாய்

எரிவாயு பில் வந்தது. எழுதவில்லை. நடந்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 22, புதன்

நாட்டில் தக்காளி இல்லை. பெரிய சூப்பர்மார்க்கெட்டில் ஒருவருக்கு மூன்று பாக்கெட் மட்டுமே என்று எழுதி ஒட்டிவிட்டார்கள். சந்தையில் பெட்டி இரண்டு மடங்கு விலை. ரசத்துக்கு வேண்டுமே. கடையை அரைமணி நேரம் மூடிவிட்டு நான், கோதை, கஸ்பார் மூவரும் ஒருவரையொருவர் தெரியாதவர்கள் மாதிரி உள்ளே போனோம். பஸ் நிறுத்தத்தில் நின்ற கனகசூரியர் விஷயம் கேட்டு அவரும் சேர்ந்துகொண்டார். "என்ர ரசம் தம்பி, நான் வராமல் எப்பிடி" என்றார்.

ஒரு சுற்று முடிந்தது. கனகசூரியர் தொப்பியைக் கழற்றிவிட்டு மறுபடி போனார். பணம் வாங்கும் பெண் அவரை உற்றுப் பார்த்து, இப்போதுதானே வந்தீர்கள் என்று கேட்டிருக்கிறாள். அது என் தம்பி, நாங்கள் இரட்டையர் என்றாராம். மூன்றாவது தடவை தொப்பியோடு போய், அண்ணன் வந்துவிட்டுப் போனாரா என்று அவரே விசாரித்திருக்கிறார். அந்தப் பெண் நான்காவது பாக்கெட்டையும் சேர்த்துக் கொடுத்தாளாம்.

ஸ்பெயினில் குளிர், மொராக்கோவில் வெள்ளம், அதனால்தான் தட்டுப்பாடு என்று ரேடியோவில் சொன்னார்கள். கோதை தக்காளியைக் கழுவிக்கொண்டே, "கஸ்பார் அண்ணனோட அக்கா பாரிஸ்லேருந்து போட்டோ அனுப்பியிருக்காங்க. தெருவில கூடை கூடையா வச்சிருக்கான். அந்தக் குளிர் கடலைத் தாண்டினப்புறம்தான் வேலை செய்யும் போல" என்றாள்.

குளிர்தான் காரணம். நான் ரேடியோவை நம்புகிறேன்.

பிப்ரவரி 25, சனி

கோதை கணக்குப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடி வைத்தாள். இதே மாதிரி போனால் ஏப்ரலோடு கடையை மூட வேண்டியிருக்கும் என்றாள். கத்தவில்லை. அவளும் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

இரவு ஒரு பலகை எழுதினேன். "மறுசோறு, மறுசாம்பார், மறுரசம்: ஒவ்வொன்றும் £1.50."

பிப்ரவரி 26, ஞாயிறு

பலகையை மாட்டினேன். கஸ்பார் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து அதன் முன் நின்றார்.

"அண்ணே, இது யாருக்கு?"

"எல்லாருக்கும்தான்."

"கனகசூரியருக்குமா?"

"முக்கியமா அவருக்கு."

"நான் வாளியோட போய் நிக்கணும். அந்த மனுசன் இலையப் பாத்துட்டு என்னயப் பாப்பாரு. நான் சட்டைப்பையப் பாக்கணுமா?"

"நீ எதுவும் கேக்க வேணாம். பில்லுல சேத்துக்கலாம்."

"அது இன்னும் மோசம். போட்டுட்டு அப்புறம் பிடுங்கற மாதிரி." பலகையை விரலால் சுண்டிப் பார்த்தார். "போர்டு இருந்தா நான் இல்ல."

"போர்டு இல்லன்னா கடை இல்ல. கடை இல்லன்னா நீ எங்க இருப்ப?"

அவர் உள்ளே போனார்.

மதியம் நான் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. மறுசோற்றுக்குத்தானே காசு, முதல் சோறு ஒன்பது பவுண்டுக்குள்தானே என்று வந்தவர்கள் எல்லாரும் முதல் சோற்றையே குவித்து வாங்கினார்கள். ஒரு பையன் சோற்றைக் குவித்து, நடுவில் குழி வெட்டி, சாம்பாரை நிரப்பி, பக்கத்தில் ரசத்துக்கு ஒரு கால்வாயும் வெட்டினான். என்ஜினியரிங் படிக்கிறானாம். பாதிச் சோறு இலையோடு குப்பைக்குப் போனது. மற்ற ஞாயிறுகளைவிட ஆறு கிலோ அரிசி கூடுதல்.

கனகசூரியர் பலகையைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார். ஒரு முறை சோறு, ஒரு கரண்டி ரசம். கஸ்பார் வாளியோடு பக்கத்தில் போனபோது இலையை மடித்துவிட்டார்.

"காணும் தம்பி. வயிறு நிறைஞ்சிட்டுது."

கஸ்பார் அந்த மடித்த இலையைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு வாளியைக் கல்லா மேஜையில் என் முன்னால் வைத்துவிட்டுப் போனார்.

பிப்ரவரி 28, செவ்வாய்

கஸ்பார் பாரிஸுக்குப் போய்விட்டார். அக்கா வீட்டில் தங்கி, லா ஷாப்பெல் பக்கம் ஒரு தமிழ்க் கடையில் வேலை. போன் செய்தேன். "லீவுன்னு வச்சுக்குங்க அண்ணே" என்றார். எத்தனை நாள் என்று கேட்டேன். "போர்டு எத்தனை நாள்?" என்றார்.

மார்ச் 2, வியாழன்

நானே சமைக்கிறேன். இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

*பொய். சாம்பார் பாத்திரம் அடிப்பிடித்து, நான் தேய்த்து, என் மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. அதையும் எழுதவும். — கோதை*

கோதை இதைப் படிக்கிறாள் என்று இப்போதுதான் தெரிந்தது. இனிமேல் கவனமாக எழுத வேண்டும்.

மார்ச் 5, ஞாயிறு

பதினொரு பேர் வந்தார்கள். வழக்கமாக அறுபது. ஆறு பேர் உள்ளே எட்டிப் பார்த்து, "மாஸ்டர் இல்லையா?" என்று கேட்டுவிட்டு அப்படியே திரும்பினார்கள். கனகசூரியர் வந்தார். என் ரசத்தைக் குடித்துவிட்டுப் பலகையைப் பார்த்தார்.

"தம்பி, நான் குறை சொல்லேல்லை. ஆனா இந்த ரசத்தை ஒருத்தரும் ரெண்டாம்தரம் கேக்கமாட்டினம். அதால உங்கட போர்டுக்கு இனி வேலையில்லை. கழட்டலாம்."

பலகையைக் கழற்றினேன். கஸ்பாருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். பார்த்ததற்கு நீலக்குறி வந்தது. பதில் வரவில்லை.

மார்ச் 8, புதன்

சமையல்காரர் தேவை என்று விளம்பரம் கொடுத்ததில் நான்கு போன். ஒருவருக்கு நூடுல்ஸ் மட்டும் தெரியும். ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யமாட்டார். ஒருவர் சமையல்காரரே இல்லை, எனக்கு இன்ஷூரன்ஸ் விற்கப் பார்த்தார். நான்காவது ஆள் சொக்கத் தங்கம். இத்தாலியில் பன்னிரண்டு வருடம், இத்தாலிப் பாஸ்போர்ட், கும்பகோணத்துச் சமையல், நாளைக்கே வரத் தயார். வக்கீலிடம் கேட்டேன். முன்பானால் டிக்கெட் எடுத்தால் போதும், இப்போது எனக்கு ஒரு லைசென்ஸ், அவருக்கு ஒரு விசா, இரண்டுக்கும் கட்டணம், இவ்வளவுக்குக் குறையாத சம்பளம் என்று ஒரு தொகை சொன்னார். அந்தச் சம்பளத்தில் நானே அவரிடம் வேலைக்குச் சேரலாம். கஸ்பாருக்குப் பிரிவுக்கு முன்பே வந்தவர் என்ற கணக்கில் இங்கே இருக்க உரிமை உண்டு. எந்த நாளும் திரும்பி வரலாம். இன்னொரு கஸ்பாரைக் கொண்டுவர எனக்குத்தான் உரிமை இல்லை.

இரவு கோதை வெங்காயம் அரிந்துகொண்டே சொன்னாள்.

"ஐரோப்பாக்காரன் வரக்கூடாதுன்னு ஓட்டுப் போட்டா, கஸ்பார் அண்ணனும் ஐரோப்பாக்காரர்தான்னு ஒருத்தருக்குத் தோணியிருக்கணும்."

"யாரைச் சொல்ற?"

"பொதுவாச் சொன்னேன்."

"அவரு காரைக்கால்காரரு."

"பாஸ்போர்ட்டுல அப்படி எழுதலியே."

இது பற்றி ஒரு விளக்கம். ஓட்டு என்பது ரகசியம். 2016இல் பிரிவுக்கு ஓட்டுக் கேட்டு இரண்டு பேர் கடைக்கு வந்தார்கள். நல்ல கோட்டு. மசால் தோசை சாப்பிட்டார்கள், பாராட்டினார்கள். ஐரோப்பாவிலிருந்து ஆள் வருவது நின்றால் உங்கள் ஊரிலிருந்தே சமையல்காரரைக் கொண்டுவருவது சுலபமாகிவிடும் என்றார்கள். பில்லுக்கு மேல் இரண்டு பவுண்டு வைத்துவிட்டுப் போனார்கள். இதைக் கேட்ட ஒரு கடைக்காரர் எப்படி ஓட்டுப் போட்டிருப்பார் என்று நான் ஊகிக்க விரும்பவில்லை. அன்று கஸ்பார்தான் அந்தத் தோசையைச் சுட்டார் என்பது மட்டும் எனக்கு நினைவிருக்கிறது. அவருக்கு ஓட்டு கிடையாது.

*ஏழு வருஷமாகத் தெரியும். கண் எரிவது வெங்காயத்தால். — கோதை*

மார்ச் 12, ஞாயிறு

எட்டு பேர். நாளை பாரிஸுக்குப் போகிறேன். ரயில் விலை கேட்டேன், பஸ்ஸில் போகிறேன்.

கோதை சொல்லி அனுப்பியது: "சம்பளம் கூட்டிக் கேட்டா குடுக்காதீங்க, நம்மகிட்ட இல்ல. பங்கு கேட்டா குடுத்துருங்க. இல்லாத லாபத்துல யாருக்கு வேணா பங்கு குடுக்கலாம்."

மார்ச் 13, திங்கள்

காலையில் டோவர் துறைமுகம். கப்பல் ஏறுவதற்கு முன்பே பிரெஞ்சுப் போலீஸ் பார்க்கிறார்கள். பஸ்ஸிலிருந்து எல்லாரையும் இறக்கினார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு தமிழ்ப் பையன் ஐரோப்பாவின் சிவப்புப் பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தான். என்னுடையது பிரிட்டனின் புது நீலம், போன வருடம்தான் புதுப்பித்தேன். எத்தனை நாள், எங்கே தங்குவீர்கள், திரும்பும் டிக்கெட் எங்கே என்று கேட்டார்கள். எதற்குப் போகிறீர்கள் என்றார் அதிகாரி. என் சமையல்காரரைத் திரும்பக் கூப்பிட என்றேன். பிரெஞ்சுக்காரரா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்ல வேண்டியதாயிற்று. முத்திரை குத்தும்போது, "நல்ல சமையல்காரராக இருந்தால் வரமாட்டார்" என்றார்.

அடுத்த மேஜையில் ஒரு சுங்க அம்மாள் பையைத் திறக்கச் சொன்னார். கோதை வழிப் பயணத்துக்குத் தயிர்சாதம் கட்டித் தந்திருந்தாள். நானும் முப்பது வருடமாகத் தயிர்சாதம் இல்லாமல் ஊர் தாண்டியதில்லை. அந்த அம்மாள் டப்பாவை முகர்ந்து பார்த்துவிட்டு, இது பால் பொருளா என்று கேட்டார். சாதம் என்றேன். வெள்ளையாக இருப்பது எது என்றார். சாதமும் வெள்ளைதான் என்றேன். பாலும் இறைச்சியும் இங்கிலாந்திலிருந்து ஐரோப்பாவுக்குள் போகக்கூடாது, பிரிந்த நாளிலிருந்து சட்டம் என்று குப்பைத் தொட்டியைக் காட்டினார்.

நண்டலாற்றுச் சோதனைச் சாவடி நினைவுக்கு வந்தது. காரைக்காலிலிருந்து பாட்டில் கடத்துகிறவர்களை அங்கே பஸ்ஸிலிருந்து இறக்கிச் சோதிப்பார்கள். ஒரு பாட்டிலும் இல்லாமல் எத்தனையோ முறை அதைத் தாண்டியிருக்கிறேன். அறுபத்தொரு வயதில் தயிர்சாதத்துடன் பிடிபட்டேன்.

கொட்ட மனம் வரவில்லை. இங்கேயே சாப்பிடலாமா என்று கேட்டேன். சட்டத்தில் தடை இல்லை என்று இரண்டு பேர் பேசி முடிவு செய்தார்கள். தொட்டி பக்கத்தில் நின்றபடியே சாப்பிட்டேன். பஸ் முழுவதும் காத்திருந்தது. ஓட்டுநர் ஒரு முறை ஹாரன் அடித்தார். அந்த அம்மாள் ஊறுகாயைப் பார்த்து, அது என்ன என்று கேட்டார். எலுமிச்சை, பால் இல்லை என்றேன். பையில் வைத்துக்கொள்ள அனுமதித்தார்.

மார்ச் 14, செவ்வாய்

கடையைக் கண்டுபிடித்தேன். மதியச் சாப்பாடு பன்னிரண்டு யூரோ. ரசம் வந்தவுடன் கஸ்பாரின் கை என்று தெரிந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் கேட்டேன். பரிமாறும் பெண், "ரெண்டு யூரோ" என்றாள்.

எழுந்து நேரே சமையலறைக்குள் போனேன். கஸ்பார் கடுகு தாளித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை.

"வாங்க அண்ணே. அண்ணி வரலியா?"

"மறுரசம் ரெண்டு யூரோவாமே."

"ஆமா."

"நான் ஒன்றரைப் பவுண்டு போட்டதுக்கு வாளிய வச்சுட்டு வந்த."

"அதுக்கென்ன இப்ப?"

"இங்க மட்டும் கரண்டி பிடிக்க முடியுதா?"

"இது என் கடையா அண்ணே? ஆக்கச் சொல்றாங்க, ஆக்கறேன். காசு வாங்கறது அவங்க பாடு."

"அப்ப அது மட்டும் உன் கடையா?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று எனக்கே உறைத்தது. கஸ்பார் அடுப்பைத் தணித்தார்.

"எட்டு வருசம். ஈஸ்ட் ஹாம் ஸ்டேசன்ல எறங்கறவன் 'மாஸ்டர் கடை எங்க'ன்னுதான் கேப்பான். பொறையார் மெஸ்ஸுன்னு எவனாவது கேட்டிருக்கானா? உங்க பேரு அங்க யாருக்குத் தெரியும், சொல்லுங்க."

கனகசூரியருக்குத் தெரியும் என்றேன். அவர் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார் என்பது சொன்ன பிறகு ஞாபகம் வந்தது.

பரிமாறும் பெண் வந்து, சாப்பாட்டை முடிக்காமல் எழுந்து போன ஆள் இவர்தானா என்று கேட்டாள். இவர் என் முதலாளி என்றார் கஸ்பார். நான், இல்லை, பங்காளி என்றேன். திட்டமிட்டுச் சொல்லவில்லை. அதுவாக வந்தது. நான்கில் ஒரு பங்கு, காகிதத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு என்றேன். கோதை சொன்ன லாபக் கணக்கையும் மறைக்காமல் சொல்லிவிட்டேன்.

"இல்லாத லாபத்துல பங்கு" என்றார் கஸ்பார்.

"நஷ்டத்துலயும் உண்டு."

அப்போதுதான் சிரித்தார். யோசித்துச் சொல்கிறேன் என்றார். அந்த மறுரசத்தை அவரே கொண்டுவந்து ஊற்றினார். பில்லில் இரண்டு யூரோ இருந்தது. அந்தக் கடையில் அவர் கணக்குப் பிசகாதவர்.

மார்ச் 20, திங்கள்

கஸ்பார் வந்துவிட்டார். எல்லையில் ஒரு கேள்வியும் கேட்கவில்லையாம்.

மார்ச் 26, ஞாயிறு

ஐம்பத்து மூன்று பேர். பலகை இல்லை. கனகசூரியர் ஐந்து ரசம். விட்டுப்போன வாரங்களுக்கும் சேர்த்து என்றார்.

ஏப்ரல் 5, புதன்

பங்காளியைச் சந்தைக்கு அழைத்துப் போனேன். எட்டு வருடத்தில் அவர் அங்கே வந்ததில்லை. காய் கடைக்கு வந்த பிறகுதான் அவருக்குத் தெரியும். வெங்காய மூட்டையின் விலையைக் கேட்டார். மறுபடி கேட்டார். "எல்லைச் செலவு" என்ற வரியில் விரலை வைத்து, இது எந்தக் காய் என்று துருக்கிக்காரரிடம் கேட்டார். துருக்கிக்காரர் என்னைப் பார்த்தார். நான் கத்தரிக்காயைப் பார்த்தேன்.

திரும்பும்போது கஸ்பார் காரில் பில்லையே மறுபடி மறுபடி படித்துக்கொண்டு வந்தார். பார்க்கிங் போடும்போது, "கொத்தமல்லித் தண்டை ஏன் குப்பையில போடறோம்?" என்றார்.

ஏப்ரல் 7, வெள்ளி

கஸ்பார் சமையலறை விளக்குகளில் இரண்டை அணைத்துவிட்டார். கோதை இருட்டில் உப்புக்குப் பதில் சர்க்கரையை எடுத்தாள். புனித வெள்ளியன்று பேசக்கூடாத சில வார்த்தைகளைக் கஸ்பார் பேசினார். இவரையும் நர்ஸிடம் அனுப்ப வேண்டும்.

ஏப்ரல் 15, சனி

கஸ்பார் பழைய பலகையைத் தேடினார். எரித்துவிட்டேன் என்றேன். "பரவால்ல, அது சின்னது" என்றார்.

ஏப்ரல் 16, ஞாயிறு

புதுப் பலகை. என்னுடையதைவிட இரண்டு மடங்கு, மேலே பிளாஸ்டிக் உறை போட்டு, வாசலைப் பார்த்து. "சாப்பாடு £10.50. மறுசோறு, மறுரசம் £1.50. யாருக்கும் விலக்கு இல்லை. இப்படிக்கு, மாஸ்டர்."

நான் கல்லாவுக்குப் பின்னால் தயாராக நின்றேன். முதல் மேஜையில் ஒருவர் படித்துவிட்டு என் பக்கம் முறைப்பாகத் திரும்பினார். கஸ்பார் வெளியே வந்தார்.

"மாஸ்டர், நீங்களே எழுதினதா?"

"நானேதான். வெங்காயம் என்ன விலைன்னு தெரியுமா உங்களுக்கு? வாங்க, பில்லு காட்டறேன்."

"வேணாம் மாஸ்டர். நீங்க சொன்னாச் சரிதான்."

எல்லா மேஜையிலும் இதேதான். நான் ஒன்றரைப் பவுண்டு கேட்டபோது அது கொள்ளை. அவர் அதையும் கேட்டு, சாப்பாட்டுக்கும் ஒன்றரை ஏற்றியபோது அது நியாயம். ஒருவர் போகும்போது என் தோளில் தட்டி, நல்ல மனுஷன், அவரை விட்டுடாதீங்க என்றார்.

கனகசூரியர் பலகையைப் படித்து இலையை மடிக்கப் போனார். கஸ்பார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, ரசத்துல உப்பு சரியா இருக்கான்னு எனக்குத் தெரியல. ருசி பாத்துச் சொல்லுங்க." இரண்டு கரண்டி ஊற்றினார். "ருசி பாக்கறதுக்கு போர்டுல விலை போடல."

கனகசூரியர் குடித்துவிட்டு, உப்பில் சிறு சந்தேகம் இருக்கிறது என்றார்.

ஏப்ரல் 23, ஞாயிறு

அறுபத்தெட்டுப் பேர். சாம்பாரில் புளி சரிதானா, சோறு குழைந்துவிட்டதா, கூட்டில் தேங்காய் தூக்கலா என்று கஸ்பார் வாளியோடு மேஜை மேஜையாக எல்லாரிடமும் சந்தேகம் கேட்டார். எல்லாருக்கும் அபிப்பிராயம் இருந்தது. இரண்டாவது அபிப்பிராயமும் இருந்தது. முதல் சோற்றை யாரும் மலையாகக் குவிக்கவில்லை. கால்வாய் வெட்டிய பையன்கூட அளவாக வாங்கினான்.

மூன்றரைக்குக் கடைசி மேஜை எழுந்ததும் நானும் ஒரு இலை போட்டு உட்கார்ந்தேன். நல்ல பசி. சாப்பிட்டு முடித்து, இன்னும் கொஞ்சம் ரசம் என்றேன். கஸ்பார் ஊற்றினார். உப்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

கோதை கல்லாவை எண்ணினாள். ஜனவரிக்குப் பிறகு முதல் தடவையாக இந்த வாரம் கைக்காசு போகவில்லை, கொஞ்சம் மிஞ்சியும் இருக்கிறது என்றாள். பங்கு பிரிக்கும் அளவுக்கா என்று கஸ்பார் கேட்டார். பிரித்தால் உங்களுக்கு ஒரு மூட்டை வெங்காயம் வரும் என்றாள். அவர் அதை மனதுக்குள் வாங்கி, விற்று, திருப்தி அடைந்தது முகத்தில் தெரிந்தது.

மறுசோற்றுக் கணக்கில் இன்று எவ்வளவு வந்தது என்று கேட்டேன். கோதை சீட்டுகளைப் புரட்டினாள்.

"ஒண்ணுமே வரல."

"ஒண்ணு வரணும்" என்றார் கஸ்பார், என் இலையைக் காட்டி.

நான் பலகையைப் பார்த்தேன். கோதையைப் பார்த்தேன். அவள் கல்லாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

ஒன்றரைப் பவுண்டு கொடுத்தேன். ரசம் நன்றாகத்தான் இருந்தது.